புற்றின் மரபணுவும் ஊரின் புகையும்

நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்குமுன், கட்டியின் எந்த மரபணுவில் பிறழ்வு நேர்ந்திருக்கிறது என்று ஆராய்ந்து, அதற்கு உகந்த மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் புதிய சிகிச்சை முறையை விஞ்ஞானத்தின் வெற்றி என்று கொண்டாடுவோர் அதன் மருந்தைப் பார்க்கிறார்கள். தனவான்களின் வைத்தியம் என்று ஒதுக்குவோர் அதன் விலையைப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் செங்கற் சூளைகளும் மறுபக்கம் காக்களூர்த் தொழிற்பேட்டையும் சூழ்ந்த கடம்பத்தூரில் இருந்துகொண்டு பார்க்கிற எனக்கோ, நோயாளியின் கட்டியை இவ்வளவு நுட்பமாக விசாரிக்கும் இந்த சாஸ்திரம், அவன் உழைத்த இடத்தையும் சுவாசித்த காற்றையும் விசாரிக்காமல் விட்டுவிடுகிறதே என்பதுதான் முதற் குறையாகத் தோன்றுகிறது.

குறையைச் சொல்லுமுன் நிறையைச் சொல்வது நியாயம். ஜெஃபிடினிப் என்னும் மாத்திரையின் சரித்திரமே இதற்குப் போதுமான சான்று. 2002-ல் ஜப்பானிலும் 2003-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற அம்மருந்து, படுக்கையோடு கிடந்த சிலரை எழுந்து நடமாட வைத்ததும், பெரும்பாலோருக்கு யாதொரு பிரயோஜனமும் இன்றிப் போனதும் மருத்துவர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது; விரிவானதோர் ஆய்வில் ஆயுளை நீட்டத் தவறியது என்று கண்டு 2005-ல் அமெரிக்க அரசு அதன் உபயோகத்தைச் சுருக்கியும் விட்டது. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டிலேயே, பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த மூன்று ஆய்வுக் குழுக்கள் அப்புதிரை அவிழ்த்திருந்தன: உயிரணுவுக்கு வளர்ச்சிக் கட்டளையை வாங்கித் தரும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தின் மரபணுவில் பிறழ்வு உடையவர்களே அந்த மாத்திரைக்கு இணங்கியவர்கள். 2009-ல் வெளியான ஐபாஸ் ஆய்வு, ஆசிய நாடுகளைச் சேர்ந்த 1,217 நோயாளிகளைக் கொண்டு இதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது. பிறழ்வு உடையவர்களிடம் நோய் மீண்டும் வளராதிருந்த காலம் கீமோவைவிட மாத்திரையால் நீண்டது என்பதைக் காட்டிலும், பிறழ்வு இல்லாதவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் கீமோ கொடுத்ததைவிட வெகு சீக்கிரத்தில் நோய் முற்றியது என்பதே அந்த ஆய்வின் அதிமுக்கியமான பாடம் என்பேன். பரிசோதனை செய்யாமல் உத்தேசமாக மாத்திரை எழுதிக் கொடுப்பது உபகாரம் அன்று, அபசாரம்.

பின்னர் வந்த கண்டுபிடிப்புகள் வேகம் மிக்கவை. ஏ.எல்.கே. என்ற இன்னொரு பிறழ்வை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2007-ல் அறிவித்தார்கள். நான்கே ஆண்டுகளில் அதற்கு மருந்து கடைக்கு வந்துவிட்டது. ராஸ்1, பிராஃப், மெட், ரெட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

நம் தேசத்துக்கு வருவோம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் அடினோகார்சினோமா என்னும் வகை நுரையீரல் புற்று கொண்ட 907 நோயாளிகளைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 23 பேரிடம் ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு இருந்தது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர் என்னும்போது, இதை அபூர்வமானவர்களுக்குரிய ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அதே மருத்துவமனை 350 நோயாளிகளிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. விலை மலிந்துவிட்ட ஜெஃபிடினிப் மாத்திரையோடு, அதைப் போலவே பழகிப்போன கீமோ மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கு நோய் சுமார் 8 மாதங்கள் அடங்கியிருந்தது என்றால், சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதங்கள் அடங்கியிருந்தது. கடுமையான பக்க விளைவுகள் இரு மடங்காயின என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு என்ற ஆட்சேபத்துக்கும் இடமுண்டு. எனினும் ஒரு கம்பெனியின் புது மருந்துக்காகக் காத்திராமல், கையிலுள்ள மலிவான மருந்துகளைக் கொண்டே காலத்தை இரட்டிப்பாக்கிய அந்த விவேகம், 1950-களின் இறுதியில் காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்த சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையத்தின் பரம்பரையைச் சேர்ந்தது.

மலிவு என்றேனே, அது தானாக வந்த மலிவு அன்று. ஜெஃபிடினிப்பைப் போன்ற எர்லாடினிப் என்னும் மாத்திரையை ரோஷ் கம்பெனி ஒன்றுக்கு 4,800 ரூபாய் என்று விற்க, சிப்ளா 1,600 ரூபாய்க்குக் கொடுக்க முன்வந்தபோது எழுந்த வழக்கில், பொதுமக்களின் நன்மையை முன்னிட்டுச் சிப்ளாவுக்குத் தடை விதிக்க டில்லி உயர் நீதிமன்றம் 2008-ல் மறுத்தது. அந்தத் தீர்ப்பும் இந்த முறையின் வரலாற்றில் ஓர் அத்தியாயமே. அடுத்த தலைமுறை மருந்தான ஓசிமெர்டினிபுக்கு 2024-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்டது வரவேற்கத்தக்கதுதான். ஆனால் வரி போன பின்னும் சூளைத் தொழிலாளியின் கைக்கு அது எட்டாத மருந்தே.

இனிக் குறைகள். இந்த மாத்திரைகள் முற்றிய நோயை அடக்குமேயன்றி அடியோடு ஒழிப்பதில்லை. பழைய மாத்திரைகளுக்கு அடங்கிய கட்டி, ஓராண்டுக்குள்ளாகவே பெரும்பாலும் டி790எம் என்ற புதுப் பிறழ்வைத் தேடிக்கொண்டு மீண்டும் தலைதூக்குகிறது. இது விஞ்ஞானத்தின் எல்லை. அதற்காக யாரையும் நோவதற்கில்லை. நோக வேண்டியது வேறிடத்தில். நெடுநாள் இருமலோடு வரும் தொழிலாளியின் எக்ஸ்ரேயில் நிழலைக் கண்டவுடன், சளியில் கிருமி இல்லாத போதிலும் காசநோய் மாத்திரையைத் தொடங்கி மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே போகிற வழக்கம் நம் நாடெங்கும் உண்டு. அதற்குப் பின் அரக்கோணம் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலுக்கு எதிரிலுள்ள ஜி.எச்.சுக்கு அவர் போய்ச் சேரும்போது நோய் முற்றியிருக்கும். ஊசியில் எடுக்கும் நூலிழையளவு சதையில் நோயின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கே பாதி செலவாகிவிட்டால் மரபணுச் சோதனைக்கு மிஞ்சுவது என்ன? ஃபார்மலினில் அதிக நாள் கிடந்தால் அதுவும் கெடும். உலகத்தின் உன்னதமான சோதனைக்கூடமும் கெட்டுப்போன சதையிலிருந்து ஒன்றையும் படித்துச் சொல்லிவிடாது.

எல்லாவற்றிலும் பெரிய குறையை முதலிலேயே குறிப்பிட்டேன். லண்டனில் சார்லஸ் ஸ்வாண்டன் தலைமையிலான குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், புற்று இல்லாத நுரையீரல் திசுக்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு 18 மாதிரிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வும் 53 மாதிரிகளில் கேராஸ் என்ற மற்றொரு மரபணுவின் பிறழ்வும் இருக்கக் கண்டார்கள். அதாவது, பிறழ்வு நீறு பூத்த நெருப்பாகப் பலரிடம் கிடக்கிறது, பி.எம். 2.5 என்னும் நுண்தூசு நுரையீரலில் அழற்சியை எழுப்பி அதை ஊதிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. புகை பிடிக்காதவர்களுக்கு இந்நோய் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளில் இது மிகத் தெளிவானது. நுண்தூசுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரம்பு கட்ட, நம் நாட்டின் வரம்பு 40-ஆகவே நிற்கிறது. வெல்டிங் புகை, சிலிகாத் தூசு, டீசல் புகை, இரும்பு வார்ப்புத் தொழில் ஆகிய நான்கையும் மனிதருக்குப் புற்றை விளைவிப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்கு உலைகளிலும் உருட்டாலைகளிலும், நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பிற பட்டறைகளிலும் உழைப்பவர்களுக்கு இவை அந்நியமான பெயர்கள் அல்ல. ஆனால் பிறழ்வைக் கண்டால் விற்பதற்கு மாத்திரை இருக்கிறது, தூசைக் கண்டால் விற்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே பிறழ்வின் பெயர் கிடைத்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது.

2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியில், பயாப்ஸியோடு சேர்த்தே ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. ஆகிய இரண்டையேனும் இலவசமாகச் சோதிக்கவும், நோயாளியின் தொழிலையும் குடியிருப்பையும் அதே தாளில் பதியவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: காசநோய் மருந்து இரண்டு மாதம் உண்டும் இருமல் தணியாவிட்டால், ஸ்கேனும் பயாப்ஸியும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பயாப்ஸி எடுத்திருந்தால் அந்தச் சதையைப் பதித்த மெழுகுக் கட்டியை மறவாமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், எந்தப் பட்டறையில் எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதை, மருத்துவர் கேளாவிட்டாலும் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யுங்கள்.