நூரியின் தொண்டை

"தொண்டை போயிட்டா என்ன பண்றது?"

கேட்டவள் பதினோரு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்ற ஒரு தோழி. போன வருஷம் 'பெல்டிங்' கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். அமெரிக்க இசைநாடக மேடைகளில் பெண்கள் பேசும் குரலையே மேலே ஏற்றி ஓங்கிப் பாடுவார்களே, அதுதான். மூன்றாவது வகுப்போடு நின்றுவிட்டாள். வலித்ததா என்றேன். இல்லை. கரகரப்பு? அதுவும் இல்லை. "ஆனா ஏதோ ஆயிடும்னு தோணிக்கிட்டே இருக்கு." கூடவே ஒரு கட்டுரையின் சுட்டியை அனுப்பினாள். "படிச்சுப் பாரு. புது டெக்னிக் கத்துக்கப் போய் ஆளே செத்துட்டான்."

அந்த ஆள் அடோல்ஃப் நூரி. பாட்டு கற்பவர்களிடம் சுற்றிக்கொண்டிருக்கும் பேய்க்கதைகளில் இவர் கதைதான் மூத்தது. பழைய முறையில் அழகாகப் பாடிக்கொண்டிருந்த ஒருவர் புதிய முறைக்கு ஆசைப்பட்டார், குரல் போயிற்று, உயிரும் போயிற்று. இவ்வளவுதான் கதை. நடந்தவை எல்லாம் உண்மைதான், ஆனால் கதை சொல்லப்படும் விதம் தப்பு என்று எனக்குப் படுகிறது. அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

நூரி 1802இல் பிறந்தவர். 1821இல் பாரிஸ் ஓபராவில் முதல் மேடை. 1826இலிருந்து அங்கே முதன்மை டெனர். அதற்குமுன் அந்த இடத்தில் இருந்தவர் அவருடைய அப்பா. ரோஸினியின் 'வில்லியம் டெல்' 1829இல் முதன்முதலில் அரங்கேறியபோது ஆர்னோல்டாகப் பாடியவர் நூரிதான். மேயர்பீரும் ஹாலெவியும் முக்கியமான பாத்திரங்களை அவர் குரலை மனதில் வைத்தே எழுதினார்கள். நல்ல நடிகர், படித்தவர். ஷூபர்ட்டின் பாடல்களை பிரெஞ்சு ரசிகர்களிடம் கொண்டுபோனவர்களில் ஒருவர்.

அவர் காலத்து டெனர்கள் உச்ச சுவரங்களை நெஞ்சுக்குரலில் பாடவில்லை. கீழேயும் நடுவிலும் நெஞ்சுக்குரல். மேலே போகப் போக, தையல் தெரியாமல், மெலிந்த தலைக்குரலுக்கு மாறிவிடுவார்கள். அந்த மாற்றம் காதுக்குத் தெரியாமல் நடப்பதுதான் வித்தை. ஆர்னோல்ட் பாத்திரத்தில் டெனரின் 'உயர்ந்த ஸி' பல இடங்களில் வருகிறது. நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகருக்கு அது தார ஸட்ஜத்துக்கும் மேலே ஒரு முழு ஸ்தாயி தள்ளி இருக்கும் அதிதார ஸட்ஜம். குரல்நாண்கள் ஒரு விநாடிக்கு சுமார் 523 முறை மூடித் திறக்க வேண்டும். அங்கே மெலிந்த குரலில் போவதைக் கோழைத்தனம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் நாகரிகம்.

1831இல் இத்தாலியின் லூக்கா என்ற சின்ன ஊரில் அதே 'வில்லியம் டெல்' போட்டார்கள். ஆர்னோல்ட், ழில்பேர் துப்ரே என்ற 24 வயது பிரெஞ்சுக்காரர். பாரிஸில் சன்னமான குரல் என்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளாதவர். இவர் அந்த உயர்ந்த ஸியை நெஞ்சுக்குரலின் முழு உடம்போடு பாடினார். வெடித்தாலும் வெடித்துவிடுவோம் என்று அந்தக் கணத்தில் நினைத்ததாகப் பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். துணிச்சலின் சின்னமாக ஆகிப்போன மனிதருக்கே முதல் நினைப்பு 'தொண்டை போயிடும்' என்பதுதான்! ரோஸினிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. காயடித்த சேவலின் கழுத்தை அறுத்தால் வரும் அலறல் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உண்டு.

பாரிஸ் ரசிகர்களுக்குப் பிடித்தது. 1836இல் பாரிஸ் ஓபரா துப்ரேயை நூரிக்குச் சமமான இடத்தில் நியமிக்க முடிவுசெய்தது. அந்த அக்டோபரில் ஒரு மேடையில் நூரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நிகழ்ச்சி முடிந்து, உடைந்துபோய்ப் பேசிக்கொண்டிருந்தவரை பெர்லியோஸ் தெருத்தெருவாக நடக்கவைத்துச் சமாதானம் செய்தார். சில நாளில் நூரி ராஜினாமா செய்துவிட்டார். கவனியுங்கள், இந்த இரவில் அவர் புதிய முறை எதையும் இன்னும் தொடவே இல்லை. பழைய குரலில், பழைய பாத்திரத்தில், பழைய மேடையில் நின்றுகொண்டிருந்தார். தொண்டையைக் கட்டியது செய்தி. பேய்க்கதை சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1837 ஏப்ரலில் நூரி விடைபெற்றார். அதே மாதம் துப்ரே வந்தார். அடுத்த வருஷம் நூரி நேப்பிள்ஸுக்குப் போய் டோனிஸெட்டியிடம் மாணவரானார். வயது 36. டோனிஸெட்டி அவருடைய பிரெஞ்சு மூக்கொலியைக் களைந்து இத்தாலிய முறைக்குக் கொண்டுவரப் பார்த்தார். நூரியும் அதைத்தான் விரும்பினார். குரல் பருத்தது. ஆனால் மெலிந்து போகும் திறன் போய்க்கொண்டிருந்தது. தலைக்குரல், அரைக்குரல், அவருக்கே உரிய அந்தச் சின்னச் சின்ன நிறங்கள், ஒவ்வொன்றாக. அது அவருக்கே தெரிந்து வருந்தினார். அவருக்காகவே டோனிஸெட்டி எழுதிய 'போலியூட்டோ' ஒரு புனிதரின் கதை என்பதால் மேடையேறக் கூடாது என்று நேப்பிள்ஸ் அரசர் தடுத்துவிட்டார். நவம்பரில் வேறொரு ஓபராவில் பாடினார், கைதட்டல் வாங்கினார். வாங்கியும் நம்பவில்லை. உடம்பும் சரியில்லை. 1839 மார்ச் 8 விடியற்காலை, முந்தைய இரவு ஓர் உதவிக் கச்சேரியில் பாடிவிட்டு வந்தவர், தன்னை மாய்த்துக்கொண்டார். 37 வயது.

இந்தக் கதையில் குற்றவாளி புதிய உத்தி என்று எப்படி முடிவுகட்டினோம்?

துப்ரே செய்ததைப் பாருங்கள். 24 வயதில், யாரும் தன்னைக் கவனிக்காத ஊரில், தோற்றால் செய்தியாகாத இடத்தில் முயன்று பார்த்தார். பிறகு சில வருஷம் இத்தாலியிலேயே பாடிப் பழகினார். நூரி 16 வருஷப் பழக்கத்தைச் சில மாதங்களில், ஐரோப்பா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மாற்ற முயன்றார். முக்கியமாக, துப்ரேவுக்கு இழக்க ஒன்றும் இல்லை; நூரி தன் பழைய குரலையே குற்றம் என்று நினைக்க ஆரம்பித்திருந்தார். ஒரு குரலோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது வேறு. இருப்பதைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் வேறொன்றை நடுவது வேறு. நூரி செய்தது இரண்டாவது. அதற்குப் பெயர் உத்தி பயில்வது இல்லை.

துப்ரேயும் தப்பவில்லைதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் குரல் தேய்ந்துபோனதை அன்றைய ஆட்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் பாரிஸ் கன்சர்வேட்டரியில் பாடம் சொன்னார், 89 வயதுவரை இருந்தார். அவர் செய்தது வெறும் கத்தலும் இல்லை. 1840இல் டிடே, பெத்ரெக்கேன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தப் புதிய குரலை ஆராய்ந்து எழுதினார்கள். சாதாரணமாக மேலே போகப் போகக் குரல்வளையும் மேலே ஏறும். இங்கே அது தாழ்ந்து நிலையாக நிற்கிறது, உயிரெழுத்துகள் இருண்டு ஒலிக்கின்றன என்பது அவர்கள் கண்டது. முரட்டு பலம் என்று வெளியே கேட்டதில் பாதி, உள்ளே நடந்த ஓர் ஏற்பாடு.

அதே வருஷம் இதே விஷயத்தில் இன்னொருவரும் பிரெஞ்சு அறிவியல் அகாதமிக்கு ஓர் ஆய்வுரை கொடுத்தார். மனுவேல் கார்சியா. இவருடைய அப்பாதான் நூரிக்குப் பாட்டு வாத்தியார். மகனையும் விடவில்லை. 1825இல் நியூயார்க்குக்குக் குடும்பத்தோடு கூட்டிப்போய், இருபது வயதில் பெரிய பாத்திரங்களைப் பாடவைத்தார். குரல் கெட்டது. மகன் மேடையை விட்டார், ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார், குரல்வளை என்பது என்னதான் என்று தேட ஆரம்பித்தார். 1854இல் பல் மருத்துவர்களின் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். இன்றைக்கு ஈ.என்.டி. டாக்டர் உள்ளே விட்டுப் பார்க்கும் கருவிக்கெல்லாம் அதுதான் பாட்டனார். உண்மையிலேயே குரல் கெட்டவர் இவர். பயம் என்றால் எல்லாரையும்விட இவருக்குத்தான் இருந்திருக்க வேண்டும். இவர் எட்டிப் பார்த்தார். 101 வயதுவரை வாழ்ந்தார் என்பது கூடுதல் தகவல், தத்துவம் ஒன்றும் இல்லை.

என் தோழியின் பயத்துக்கு வருகிறேன். அது ஒன்று இல்லை, இரண்டு.

முதலாவது நம்மூர்ப் பயம். மேலே மெலிந்து பாடினால் 'கள்ளத்தொண்டை' என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். 'கள்ள' என்பது உடம்பைப் பற்றிய சொல்லா? கள்ள நோட்டு, கள்ளச் சாராயம், கள்ளத் தொண்டை! குரல்நாண்கள் மெலிந்து நீண்டு அதிர்வது அவற்றின் இயல்பான வேலைகளில் ஒன்று. அதைத் திருட்டுக் கணக்கில் எழுதிவிட்டோம். கமகத்துக்கு உடம்புள்ள குரல் தேவை என்று ஒருவர் ரசனையாகச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். 'கள்ளத்தொண்டையில பாடினா குரல் கெட்டுரும்' என்று வைத்தியமாகச் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. இன்னொரு பக்கம் ஓங்கிப் பாடினால் 'கத்தாதே, கிழிஞ்சுரும்'. மேலே போகவும் கூடாது, அழுத்தவும் கூடாது. மிச்சம் இருக்கும் சந்துக்குள்தான் அவள் பதினோரு வருஷம் பாடியிருக்கிறாள். பெல்டிங் கேட்டபோது அவள் பயந்தது தொண்டைக்கு மட்டும் என்று நான் நம்பவில்லை. அந்தச் சத்தம் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்கவும் பயந்தாள்.

இரண்டாவது பயம் உடம்பைச் சேர்ந்தது. அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அடிபடப் போகிறோம் என்று நினைத்தால் உடம்பு முன்கூட்டியே இறுகும். பாடும்போதும் அதேதான். கழுத்து இறுகும், தாடை பூட்டிக்கொள்ளும், குரல்வளை மேலே ஏறும், மூச்சு நெஞ்சிலேயே நிற்கும். அந்த நிலையில் ஓங்கினால் நாண்கள் ஒன்றோடொன்று நெரிபடும், தொண்டை எரியும். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று பயம் ஜெயித்துவிடும். பெல்டிங்கை ஆராய்ந்து கற்பித்த ஜோ எஸ்டில், அடித்தொண்டையில் உறுமும் மெட்டல் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மெலிஸா கிராஸ் போன்றவர்கள் முதலில் கைவைப்பது இந்த இறுக்கத்தில்தான். கிராஸ் 2005இல் வெளியிட்ட டிவிடிக்கு 'அலறலின் ஸென்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். விளையாட்டுத் தலைப்பு, விஷயம் விளையாட்டு இல்லை. அந்த உறுமல்கள் பலவற்றில் சத்தம் முக்கியமாகக் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளிலிருந்து வருகிறது. வெளியே கேட்கும் வன்முறை உள்ளே நடந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

அதற்காக பயப்படாதே, பாடு என்று நான் சொல்ல மாட்டேன். அது துப்ரேவின் கதையை மட்டும் கேட்டவர்கள் சொல்வது. குரல்நாணில் காய்ப்பு விழும், ரத்தம் கட்டும், உண்மைதான். பாடும்போது சட்டென்று குரல் அறுந்தால் அன்றே வாயை மூடிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்தில் தெளியாவிட்டாலும் அப்படியே. பனங்கற்கண்டும் அதிமதுரமும் இதமாக இருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாது.

குரல் மருத்துவர்களிடம் ஓர் எளிய சோதனை உண்டு. தெரிந்த ஒரு மெட்டை, உச்சத்தில், முடிந்த அளவு மெல்லமாகப் பாடச் சொல்வார்கள். நாண்கள் வீங்கியிருந்தால் ஓங்கிய குரல் பல சமயம் காட்டிக்கொடுக்காது, பலத்தில் மறைத்துவிடும். மெல்லிய குரல்தான் முதலில் போகும். எடுப்பு தாமதமாகும், காற்று மட்டும் வரும். அவளுக்கு இதைத்தான் எழுதினேன். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாலும் பின்னாலும் உனக்குப் பிடித்த ராகத்தில் ஒரு தாரஸ்தாயிப் பிடியை, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி பாடிப் பார். வந்தால் மேலே போ. வரவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்து. இரண்டு நாளாகியும் வரவில்லை என்றால் காட்டிவிடு. உன் பயத்துக்கு ஒரு வேலை கொடு, சும்மா உட்காரவைத்தால் அது கதை கட்டும்.

நூரிக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால்? 'டெக்னிக்' அவரைக் கொன்றது என்று சொல்பவர்களைவிட, அவர் எதை இழந்துகொண்டிருந்தார் என்று அவருக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது. மெல்லிய குரல். போய்க்கொண்டிருந்தது தொண்டையிலிருந்தா, அதை இனி வேண்டாம் என்று அவரே விலக்கியதாலா என்று இன்றைக்குச் சொல்ல வழியில்லை. கண்ணாடி வர இன்னும் 15 வருஷம் இருந்தது.

அவர் உடலைக் கப்பலில் பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். 1839 ஏப்ரலில் மார்செய் நகரத் தேவாலயம் ஒன்றில் இறுதிப் பூசை நடந்தது. அப்போது அந்த ஊரில் தங்கியிருந்த ஷோப்பான் ஆர்கன் வாசித்தார், நூரி பாடிவந்த ஷூபர்ட் பாடல் ஒன்றை. ஆர்கன் சுருதி கெட்டுக் கிறீச்சிட்டது என்று ழார்ஜ் சாண்ட் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெரிய முழக்கத்தை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு ஏமாற்றம். ஷோப்பான் அதில் கிறீச்சிடாத சில குழாய்களை மட்டும் தேர்ந்துகொண்டு, கடைசிவரை மெல்லமாகவே வாசித்தாராம்.