மேலிருந்து எண்ணிய காடு

காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்குப் பேருந்தில் செல்லும்போது சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். செம்மண் தரையில் பட்டை உரிந்த தைல மரங்கள் வரிசை வரிசையாக ஓடும். ‘ஆர்.எஸ்.பதிக் காடு’ என்பர் நம் ஊரார். பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அரசின் கணக்கிலும் அது காடுதான்!

டேராடூனில் 1981-இல் நிறுவப்பட்ட இந்திய வன அளவை நிறுவனம், 1987 முதல் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வன நிலை அறிக்கை வெளியிட்டு வருகிறது. 2024 டிசம்பரில் வெளிவந்த 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, நாட்டின் பரப்பில் 21.76 விழுக்காடு வனப்போர்வை உண்டு என்கிறது. போட்டித் தேர்வுக்கு மாணவர்கள் உருப்போடும் எண் இது. நான் இயற்பியல் கற்பிப்பவன். ஓர் அளவைக் கண்டால், அளந்த கருவி எது என்று கேட்பது தொழிற்பழக்கம்.

இங்கே கருவி செயற்கைக்கோள். அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 18 புள்ளிகள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரத்தலைகள் 10 விழுக்காட்டுக்கு மேல் கவிந்திருந்தால் அது வனப்போர்வை. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வியில்லை. பழத்தோட்டமும் சேரும். இந்த வரையறையை அறிக்கை மறைக்கவில்லை; வெளிப்படையாகவே அச்சிட்டிருக்கிறது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மேலடுக்குத்தானே தெரியும்?

தைல மரத்தின் தாயகத்தையே எடுத்துக்கொள்வோம். வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரையொட்டிய காடுகளில் யூகலிப்டஸ் மினியாட்டா, யூகலிப்டஸ் டெட்ரோடோன்டா ஆகிய இரண்டும் மேலடுக்கில் நிற்கின்றன. அவற்றின் கீழே நம் மருத மரத்துக்கு உறவான டெர்மினாலியா, விசிறி இலைப் பனை, தாழை இனம், சைக்கஸ் எனச் சிறுமரங்களும் செடிகளும் உள்ளன. தரையிலோ சோளத்தின் உறவான புல், மழைக்காலத்தில் ஆளுயரத்துக்கு மேல் எழும்புகிறது. இதில் ஓர் ஒளியியல் உண்மை உண்டு. இந்த மரங்களின் இலைகள் செங்குத்தாகத் தொங்குகின்றன. உச்சி வெயில் இலைப்பரப்பில் விழாமல் விளிம்பை உரசிக்கொண்டு தரைக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே கீழே புல் வளர வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

அப்படியானால் நம் தைல மரத்தடியில் பெரும்பாலும் சருகு மட்டும் கிடப்பது ஏன்? இங்கே நடப்பது பெரிதும் வேறோர் இனமும் அதன் கலப்புகளும்தான் என்றாலும், இலை தொங்கும் விதம் அதேதான். வெளிச்சம் காரணமன்று. காகிதக் கூழுக்காக உழுது, நெருக்கி நட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுகிறோம். வேர்கள் மேல்மண்ணின் ஈரத்தைப் போட்டியிட்டு உறிஞ்சுகின்றன. சருகிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கக்கூடும். பழியை மரத்தின் தலையில் மட்டும் சுமத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்: பயிராக வளர்த்தோம், பயிராகவே நிற்கிறது. கடலை வயலில் யாரும் அடுக்குகளைத் தேடுவதில்லை.

இனி நம் பக்கத்துக் கோயில் காடு ஒன்றுக்குள் சென்று பாருங்கள். வீரை, உலக்கைப்பாலை, உசிலை மேலே, காசான், காரை நடுவில், சங்கஞ்செடி கீழே, இவற்றையெல்லாம் பின்னிக்கொண்டு சூரையும் பிரண்டையும். என் மாணவர் ஒருவர் சட்டையைச் சூரை முள்ளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்! இத்தகைய காடு அரை ஹெக்டேர் இருந்தால் வனப்போர்வை எண்ணில் அதற்கு இடமில்லை. ‘மரப்போர்வை’ என்ற தனிக் கணக்குக்குப் போய்விடும். ஐந்து ஹெக்டேர் கோயில் காட்டை அழித்து அங்கே தைல மரம் நட்டு, அது வளர்ந்த பின் படமெடுத்தால், எண் ஓர் இழையும் குறையாது. என் குறை இதுதான்.

2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் காட்டு வகைகளைத் தனியே பிரித்து வரைந்தார்கள், நல்ல முயற்சி. ஆனால் செய்தித்தாளுக்கும் வினாத்தாளுக்கும் போவது முதல் எண் ஒன்றே. அந்த எண்ணை இரண்டாக்கி, தானாக வளர்ந்தது இவ்வளவு, நட்டு வெட்டுவது இவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே அச்சிடுவதில் என்ன தடை? செயற்கைக்கோளால் இயலாதெனில், தரையில் இறங்கி எண்ணக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். சூரை முள்ளுக்குத் தயாராக வந்தால் போதும்.