மமாரிப் பலகையின் மதி இரவுகள்

வாசிக்கப்படாத எழுத்துகளிலே நாட்காட்டியையும் வானியலையுந் தேடுதல் ஆய்வாளருக்கு என்றும் உவப்பான முயற்சியாக இருந்து வந்துள்ளது. எண்ணிக்கையும் சுழற்சியும் எங்கும் எளிதிற் கண்டெடுக்கத்தக்கவை என்பதே இதற்குக் காரணமாகும். பொலினீசியப் பண்பாட்டைச் சேர்ந்த ரப்பாநுயி எனப்படும் ஈஸ்ரர் தீவின் ரொங்கொரொங்கோ எழுத்து, இத்தேடலின் பயனையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

மரத்திற் செதுக்கப்பெற்ற இவ்வெழுத்துப் பொருட்களுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய இருபத்தைந்தே. 1864இல் தீவையடைந்த பிரெஞ்சுச் சமயப்பணியாளர் எயிறோ, வீடுதோறும் இத்தகைய பலகைகளைக் கண்டதாக எழுதினார். ஆனால், 1862இன் இறுதியில் தொடங்கிய பெரு நாட்டு அடிமை வேட்டையில் சுமார் 1,500 பேர் ஏற்கெனவே கவர்ந்து செல்லப்பட்டிருந்தனர். மீண்ட சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியோர் 111 பேரே. எனவே வாசிக்கவல்லோர் மறைந்தமை காலத்தின் இயல்பான அழிவன்று. மனித உழைப்பைக் கொள்ளையிட்டதன் விளைவாகும். இவ்வெழுத்தை வெறும் மர்மமாகப் பேசுவோர் இவ்வரலாற்றை மறைத்துவிடுகின்றனர்.

யேர்மனிய ஆய்வாளர் தோமஸ் பாத்தெல், 1958இல் வெளியிட்ட நூலில், மமாரி எனப்படும் பலகையின் இரண்டு வரிகளுக்குச் சற்று மேற்பட்ட பகுதி மதி நாட்காட்டியே எனக் காட்டினார். பிறைபோன்ற உருவங்களை மட்டும் நம்பி அவர் இம்முடிவுக்கு வரவில்லை. தீவு மக்களிடமிருந்து பிற்காலத்தில் திரட்டப்பெற்ற மதி இரவுகளின் பெயர்ப்பட்டியல்கள் அவருக்குத் துணைநின்றன. அப்பட்டியல்களிலே தனிப்பெயரின்றிக் ‘கொகோரே’ என எண்ணால் மட்டும் சுட்டப்படும் இரவுகள் தொடராக வருகின்றன. பலகையிலும் வெறும் பிறைகள் தொடராக வருகின்றன. பிறைத் தொடர்களுக்கு முன்னே மீண்டும் மீண்டும் வரும் குறிக்கோவையில், மீனுருவம் நிறைமதிக்கு முன்னர் தலை மேலாகவும் பின்னர் தலை கீழாகவும் அமைந்துள்ளது. வளர்பிறையையும் தேய்பிறையையும் இது சுட்டுவதாகக் கொள்ளலாம். மதியின் ஒரு சுழற்சி சராசரி 29.53 நாளாதலின், மாதங்களிடையே மேலதிக இரவைச் சேர்க்க வேண்டியுள்ளது. அதற்கான விதியும் இப்பகுதியில் அடங்கியிருக்கலாம் என ஜாக் கீ 1990இல் வாதிட்டார்.

இங்கு மனங்கொள வேண்டியது யாதெனில், நாட்காட்டி அடையாளங் காணப்பட்டதேயன்றி வாசிக்கப்படவில்லை என்பதாகும். பகுதியின் பொருள் தெரிகின்றது; அதன் ஒலிவடிவம் தெரியவில்லை. இவ்வேறுபாட்டைப் பாத்தெலே முழுமையாகப் பேணினார் எனக் கூறுதற்கில்லை. ஏனைய பகுதிகளுக்குப் பொருள்காண முற்பட்டபோது, தஹிற்றியில் ஆயர் ஜோசெனுக்குப் பலகைகளை ஓதிக்காட்டிய மெற்றோரோ என்பாரின் கூற்றுகளிற் பெரிதும் தங்கினார். மெற்றோரோவோ உருவங்களை வருணித்தாரேயன்றி எழுத்தை வாசித்தாரல்லர். மமாரியை ஓதிய வேளையிலும் அதில் நாட்காட்டி உண்டென்பதை அவர் உணர்த்தவில்லை. ஒரே ஆய்வாளர், புறச்சான்றும் அகவமைப்பும் ஒன்றையொன்று உறுதிசெய்த இடத்தில் வென்றார். அச்சோதனை இல்லாத இடத்தில் அவரது முடிவுகள் ஏற்புடைமை பெறவில்லை.

தமிழ் ஆய்வுலகுக்கும் இதில் நேரடியான படிப்பினை உண்டு. 1932இல் ஹெவெசி என்பார், சிந்துவெளிக் குறிகளையும் ரொங்கொரொங்கோக் குறிகளையும் அருகருகே வைத்து உறவு கற்பித்தார். பல்லாயிரம் மைல் தொலைவையும் ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியையும் உருவொப்புமை ஒன்றாற் கடந்துவிட முடியாது. சிந்துவெளி மீன்குறியை விண்மீனாகக் கொள்ளும் திராவிடக் கருதுகோள் அத்தகையதன்று. அது மொழியின் ஒலியொப்புமையை அடிப்படையாகக் கொண்டது, கவனத்துக்குரியது. எனினும் மமாரிக்கு வாய்த்த இரவுப் பட்டியல் போன்ற தனிச்சான்று சிந்துவெளிக்கு இதுவரை வாய்க்கவில்லை. ஆகவே அதனைக் கருதுகோளாகவே போற்றுதல் நேர்மையாகும். முடிந்த முடிபாக்குதல் பற்றின்பாற்படும், ஆய்வாகாது.

பாத்தெலின் வெற்றிக்கு மூலமாயிருந்தவை பேரழிவினின்று தப்பிய மக்கள் தம் நாவிற் காத்துவந்த இரவுப் பெயர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஏடுகளும் பலகைகளும் காப்பகங்களைச் சேர்ந்தபின், அவற்றுக்குரிய மக்களின் வாய்வழக்கைப் புறக்கணிக்கும் ஆய்வு தனக்குக் கிடைக்கக்கூடிய சான்றையே இழந்துவிடுகின்றது.