குற்றாலத்தில் வராந்தா உள்ள விடுதி

சென்னைக்கு அருகே கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் எழுந்த தாஜ் விடுதியில் கடல் ஜன்னலுக்கே வந்துவிடுகிறது; அறையை விட்டு நகரத் தேவையில்லை. குற்றாலத்துக் கணக்கு வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலத்தில் இங்கே அறை எடுப்பவர்கள் அருவிக்குப் போய், ஈரத்தோடு திரும்பி, வயிறாரச் சாப்பிட்டு, மறுபடியும் அருவிக்குக் கிளம்புகிறார்கள். ஆகவே நல்ல குற்றால விடுதியின் சொகுசு முழுவதும் வராந்தாவில்தான் இருக்கிறது: சாரல் படாத உள்பக்கம் இழுத்துக் கட்டிய கொடி, அதில் வரிசையாகத் துண்டுகள், ஈரக் கால் வழுக்காத சொரசொரப்பான தரை, பேரருவிக்கு நடந்தே போகும் தூரம்.

சுவரெல்லாம் ஓதம், துணி காயாது, சீசனில் வாடகை எகிறுகிறது, இதில் என்ன சொகுசு என்று கேட்கலாம். வாடகைக் குறை நியாயமானது. அழுக்கான கழிவறைக்கும் சாக்கே கிடையாது. ஆனால் ஓதத்தைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஈரக் காற்றை அனுபவிக்கத்தானே இத்தனை பேர் வருகிறார்கள்? தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. (1882–1954) குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். அவர்களை இழுத்தது சாரலும் பேச்சும். தண்ணீர் பெருகிக் குளிக்கத் தடை போடும் நாளில் அடைத்த ஏசி அறை அலுத்துவிடும். வராந்தாவில் நாற்காலி போட்டால் பொழுது போவதே தெரியாது. முன்பதிவு செய்யும்போது டிவி, ஏசி பற்றிக் கேட்கும் முன் வராந்தா உண்டா என்று கேளுங்கள்.