நாபோத்துக்கு வாரிசு இல்லை: திராட்சைத் தோட்டத்துக் கொலை நாவல் குறித்துச் சில குறிப்புகள்

1

துப்பறியும் நாவலைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. அது இலக்கியமே அல்ல, ரயிலில் படித்துவிட்டு இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட வேண்டிய சரக்கு என்பது ஒன்று. அமைப்பியல் வந்த பிறகு கிளம்பியது இன்னொன்று: எல்லாக் கதையாடல்களின் எலும்புக்கூடும் துப்பறியும் கதையில்தான் துலக்கமாகத் தெரிகிறது, ஆகவே அதை ஆராய வேண்டும் என்பது. முதல் பேச்சு மேட்டிமைத்தனமானது, இரண்டாவது பேச்சு பயனுள்ளது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன. கொலை எந்த மண்ணில் நடக்கிறது என்பதை இரண்டுமே பின்னணித் திரைச்சீலையாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. நான் இங்கே மண்ணிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டம். அதில் ஒரு பிணம்.

இது இன்றைக்குத் தனியாக ஒரு உபவகையாகவே ஆகிவிட்டது. பிரெஞ்சில் ழான்-பியர் அலோவும் நோயல் பாலனும் சேர்ந்து 2004இலிருந்து எழுதிய 'திராட்சைக்கொடியின் ரத்தம்' நாவல் வரிசை, 2011 முதல் 2017 வரை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. அமெரிக்காவில் எலன் கிராஸ்பி 2006இல் 'மெர்லோ கொலைகள்' நாவலோடு ஒரு வரிசையைத் தொடங்கினார். நான் எடுத்துக்கொள்வது இந்த நாவலை. சிறந்த நாவல் என்பதற்காக அல்ல. இந்த வகைக்குரிய எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் செய்கிற நாவல் என்பதற்காக.

கதை இப்படிப் போகிறது. பிரான்சில் வசிக்கும் லூசி மான்ட்கோமரிக்கு வட வர்ஜீனியாவிலிருந்து சகோதரன் ஈலையின் தொலைபேசி வருகிறது. குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில் அப்பா குண்டடிபட்டு இறந்து கிடக்கிறார். வேட்டையில் நேர்ந்த விபத்து என்கிறார்கள். லூசி ஊர் திரும்புகிறாள். தோட்டம் நொடித்துப்போயிருக்கிறது. விற்றுவிடலாம் என்பது ஈலையின் கட்சி. அவளுடைய ஞானத்தந்தை அவளைத் தனியே கூப்பிட்டு, இது விபத்தல்ல என்கிறார். அடுத்த பிணம் அவருடையது. கொலையாளி யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு அது அநியாயம். தவிர, நான் சொல்ல வருவதற்கு அது தேவையும் இல்லை.

1966இல் எழுதிய கட்டுரையில் டோடரோவ், துப்பறியும் நாவலுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன என்றார். ஒன்று குற்றத்தின் கதை. அது நாவல் தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோனது, பக்கங்களில் இல்லாதது. மற்றது விசாரணையின் கதை. இல்லாத அந்த முதல் கதையைத் திரட்டித் தருவதே அதன் வேலை. இந்தச் சட்டகம் கச்சிதமானது. ஆனால் திராட்சைத் தோட்டத்து நாவலில் இதற்குள் அடங்காத இன்னொரு கேள்வி கூடவே ஓடுகிறது: தோட்டம் கைமாறிவிடுமா? 'மெர்லோ கொலைகள்' நாவலில் வாசக பதற்றத்தின் பாதி இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. நானும்கூட, கொலைகாரன் அகப்படட்டும் என்பதோடு, ஐயோ விற்றுவிடக் கூடாதே என்றும்தான் பக்கங்களைப் புரட்டினேன். பிரதி நம்மை உட்காரவைக்கும் இடம் அது. நாவல் வரிசை தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது, தோட்டம் லூசியிடமே இருக்கிறது. நன்றாக யோசித்தால், தோட்டம் விற்கப்படாமல் இருப்பதுதான் வரிசை தொடர்வதற்கான நிபந்தனையே. ஒவ்வொரு நாவலிலும் ஆள் சாகலாம். பட்டா மட்டும் சாகக்கூடாது.

2

இந்த இடத்தில் ரொம்பப் பழைய ஒரு கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. திராட்சைத் தோட்டம் என்ற சொல் தமிழ் வாசகர்களில் பலருக்கு ஒயின் குப்பியிலிருந்து வந்ததல்ல, வேதாகமத்திலிருந்து வந்தது. அங்கே, ராஜாக்களின் முதலாம் புத்தகத்தில், குடும்பத் திராட்சைத் தோட்டத்தில் தொடங்கும் ஒரு கொலைக் கதை இருக்கிறது.

யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ராஜா ஆகாப் அதைக் கீரைக்கொல்லை போடக் கேட்கிறான். வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்கிறான். பிதிரார்ஜிதத்தைத் தரமுடியாது என்று நாபோத் மறுக்கிறான். ராஜா வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். அதற்குப் பிறகு ராணி யேசபேல் செய்வதைத் துப்பறிவாளனின் கண்ணோடு படிக்க வேண்டும். ராஜாவின் பெயரில் நிருபங்கள் எழுதி, ராஜாவின் முத்திரையைப் போட்டு, ஊர் மூப்பர்களுக்கு அனுப்புகிறாள். உபவாசம் கூறப்படுகிறது. நாபோத் சபையில் முன்னே உட்காரவைக்கப்படுகிறான். இரண்டு பேர் எழுந்து, இவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்கிறார்கள். மரண தண்டனைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அதில் குறைவில்லை. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்கிறார்கள். ஆகாப் எழுந்து தோட்டத்தைச் சுதந்தரித்துக்கொள்ளப் போகிறான்.

யார் கொன்றது என்ற மர்மமே இந்தக் கதையில் இல்லை. எல்லாம் வெட்டவெளிச்சம். இது காட்டுவது வேறொன்று: ஒரு கொலை எப்படி ஆவணமாகிறது, ஆவணம் எப்படி உடைமையாகிறது என்பது. ஆகையால்தான் தோட்டத்துக்கு வந்து ராஜாவை மறிக்கும் எலியாவின் கேள்வி, கொன்றதையும் எடுத்துக்கொண்டதையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்கிறது. இரண்டு வினை, ஒரே குற்றம்.

இன்னொரு தடயமும் இருக்கிறது. முதலாம் புத்தகத்தில் நாபோத்தின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாம் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில்தான், வேறு யாரோ பேசும்போது, நாபோத்தின் ரத்தத்தோடு அவன் பிள்ளைகளின் ரத்தமும் சேர்ந்து வந்து விழுகிறது. பிள்ளைகள் உயிரோடிருந்தால் தோட்டம் அவர்களுக்குப் போயிருக்கும், அரண்மனைக்கு வந்திருக்காது. ஆக, அந்த உடைமையைச் சாத்தியமாக்கிய இரண்டாவது கொலை முதல் பிரதியின் மௌனத்தில் புதைந்து கிடக்கிறது.

இப்போது லூசியிடம் திரும்பலாம். திராட்சைத் தோட்டத்து நாவலில் துப்பறிகிறவள் யார்? வாரிசு. இது தற்செயலானதல்ல. கேட்க ஆள் மிஞ்சியிருக்கிற கொலைதான் நாவலாக முடியும். தகப்பனின் சாவை விசாரிப்பதும் தகப்பனின் சொத்தைக் காப்பதும் இங்கே ஒரே செயல். மாற்கு சுவிசேஷத்தில் வேறொரு திராட்சைத் தோட்டக் கொலை இருக்கிறது: குத்தகைக்காரர்கள், இவன்தான் வாரிசு, இவனைத் தீர்த்துவிட்டால் சுதந்தரம் நம்முடையதாகும் என்று சொல்லி எஜமானின் மகனைக் கொல்லும் உவமை. கடைசியில் எஜமான் வந்து குத்தகைக்காரர்களை அழிப்பான் என்று முடிவது. உவமையின் இறையியல் அர்த்தம் ஒருபக்கம் இருக்கட்டும், அதன் கதைத்தளம் உடைமையாளனின் பார்வையில் நிற்கிறது. நவீன நாவல் தன் வம்சத்தை இந்த இரண்டாவது கதையிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆபத்தில் இருப்பவன் வாரிசு. சந்தேகம் சுற்றியிருப்பவர்கள் மேல். நாபோத்தின் கதையை இந்த வகைக்குள் எழுதவே முடியாது. நாபோத்துக்கு வாரிசு இல்லை.

3

யேசபேலின் முத்திரையை நினைவில் வைத்துக்கொண்டு வர்ஜீனியாவுக்குப் போவோம். 'மெர்லோ கொலைகள்' நடக்கிற வட வர்ஜீனிய நிலத்தின் ஆவண வரலாறும் ஒரு ராஜமுத்திரையில்தான் தொடங்குகிறது. 1649இல் இங்கிலாந்தில் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அவர் மகன், சொந்த நாட்டில் உட்கார ஒரு சிம்மாசனம் இல்லாமல் வெளிநாட்டில் இருந்தபடி, பொடோமக், ராப்பஹானக் ஆறுகளுக்கு நடுவிலுள்ள நிலம் முழுவதையும் ஏழு விசுவாசிகளுக்கு எழுதிக்கொடுத்தார். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், கண்ணால் பார்த்திராத நிலம். பிற்பாடு அது ஃபேர்ஃபேக்ஸ் பிரபுக்களின் கைக்குப் போய், 50 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஒரே சொத்தானது. அந்த வட்டாரத்துப் பழைய பத்திரங்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் இந்தக் காகிதத்தில் போய் முட்டும். 1608இல் ஜான் ஸ்மித் சந்தித்து எழுதிவைத்த மனஹோவாக் மக்கள் வாழ்ந்த நிலம் அது. நூறு சொச்சம் ஆண்டுகளில் அவர்கள் அந்த நிலத்திலும் இல்லை, பத்திரத்திலும் இல்லை.

திராட்சையின் கதையும் இப்படித்தான். 1619இல் வர்ஜீனியாவின் முதல் சட்டசபை, ஒவ்வொரு குடும்பத் தலைவனும் வருஷத்துக்குப் பத்துக் கொடி நடவேண்டும் என்று சட்டம் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான் ஆப்பிரிக்கர்களைப் பிடித்து ஏற்றிவந்த கப்பல் அதே காலனியின் கரைக்கு வந்தது. 1774இல் தாமஸ் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இத்தாலியரான ஃபிலிப்போ மாட்சேயின் துணையோடு ஐரோப்பியக் கொடிகளை வளர்க்க முயன்றார். திரும்பத் திரும்ப நட்டார், பலிக்கவில்லை. ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அடிமைகளாக வைத்திருந்தவர்கள் 600 பேருக்கு மேல். வர்ஜீனிய ஒயினைப் பற்றிய விளம்பரச் சொல்லாடலில் ஜெஃபர்சனின் பெயர் தவறாமல் வரும். அவர் தோட்டத்தில் மண்ணைக் கொத்தியவர்களின் பெயர் அநேகமாக வராது.

ஜெஃபர்சனின் கொடிகள் ஏன் பட்டுப்போயின? குளிர், பூஞ்சணம் என்று பல காரணங்கள். அவற்றில் ஒன்று அவர் காலத்தில் யாரும் அறியாதது. வட அமெரிக்க மண்ணில் ஃபில்லாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். உள்ளூர்க் கொடிகள் தாக்குப்பிடிக்கும், ஐரோப்பிய வேர் அழுகிச் சாகும். அமெரிக்கக் கொடிகளோடு அது பிரான்சுக்குப் போய், 1860களில் அங்கே தோட்டம் தோட்டமாக அழித்தது. 1868இல்தான் குற்றவாளி வேரில் அகப்பட்டது. பரிகாரம் ஒட்டுக்கட்டுதல்: கீழே அமெரிக்கக் கொடியின் வேர், மேலே ஐரோப்பியக் கொடியின் கிளை. நாவலின் தலைப்பிலுள்ள மெர்லோ, போர்தோ வட்டாரத்துத் திராட்சை. அது வர்ஜீனியாவில் உயிர்வாழ வேண்டுமென்றால் அந்த மண்ணின் பூச்சியோடு பழகிய அமெரிக்க வேரின் மேல்தான் உட்கார வேண்டும். குடும்பத் தோட்டங்கள் ஓயாமல் பேசும் 'எங்கள் வேர்கள்' என்ற உருவகம் தாவரவியல்படியே பொய். பெயர் மேலே இருப்பதற்கு, உயிர் கொடுப்பது கீழே பெயரில்லாமல் இருப்பது. டோடரோவின் இரண்டு கதைகளைத் தேடி நூலகத்துக்குப் போக வேண்டியதே இல்லை. மண்ணைத் தோண்டினால் போதும்.

ஃபில்லாக்ஸெரா தின்ற பிரெஞ்சுத் தோட்டங்களின் இழப்பை ஈடுகட்ட அல்ஜீரியாவில் குடியேறிகளின் திராட்சைச் சாகுபடி பெருகியது. 1873ஆம் ஆண்டின் வார்னியே சட்டம் அங்கே பொதுநிலங்களைத் துண்டுபோட்டு விற்க வழிசெய்திருந்தது. 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் ஒயினைப் பற்றி எழுதும்போது ரோலான் பார்த் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அது எவ்வளவு அருமையான பானமாக இருந்தாலும், நிலம் பறிக்கப்பட்ட முஸ்லிம்களின் மண்ணில், அவர்களுக்கு வேண்டாத பயிராக அது விளைகிறது என்பதை மறந்துவிட்டு ருசிக்க முடியாது என்றார். ருசியை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

4

ஒரு பொழுதுபோக்கு நாவலின் தலையில் இவ்வளவையும் சுமத்துவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிராஸ்பியிடம் போய், நீங்கள் ஏன் மனஹோவாக் மக்களைப் பற்றி எழுதவில்லை என்று கேட்பது என் நோக்கமல்ல. தனிப்பட்ட எழுத்தாளரின் நல்லெண்ணம், கெட்ட எண்ணம் சம்பந்தப்பட்ட விவகாரமும் அல்ல இது. வகைமையின் வாக்கிய இலக்கணமே கொல்லுதல் என்ற வினையை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்துக்கொள்ளுதல் என்ற வினையைக் கழற்றிவிடுகிறது என்பதுதான் நான் சொல்வது. 1948இல் துப்பறியும் கதையைப் பற்றி எழுதிய டபிள்யூ.எச். ஆடன், அங்கே ஒரு ஏதேன் தோட்டம் முதலில் இருந்தாக வேண்டும், பிணம் அதைக் கறைப்படுத்த வேண்டும், துப்பறிவாளன் கறையைத் துடைத்துத் தோட்டத்தைத் திரும்பத் தரவேண்டும் என்ற பொருளில் பேசினார். சரி. யாருக்குத் திரும்பத் தரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

அதற்காகத் துப்பறியும் நாவலைத் தூக்கி எறிந்துவிட்டு எலியாவிடம் போய்விடலாமா என்றால், அதுவும் எனக்குச் சம்மதமில்லை. எலியாவுக்கு உண்மை மேலிருந்து வருகிறது. யாரையும் அவர் விசாரிக்கவில்லை. துப்பறியும் நாவலுக்கு அந்த வசதி இல்லை. அது காகிதத்தைச் சந்தேகிக்கிறது. சாட்சியைச் சந்தேகிக்கிறது. எல்லோரும் விபத்து என்று சொல்லும்போது லூசி நம்ப மறுக்கிறாளே, அந்த மறுப்பு சாதாரணமான விஷயமல்ல. யெஸ்ரயேல் ஊர் மூப்பர்களில் ஒரே ஒருத்தர் அந்த இரண்டு சாட்சிகளையும் தனித்தனியாக நிறுத்தி, எங்கே கேட்டாய், எப்போது கேட்டாய் என்று கேட்டிருந்தால் நாபோத் பிழைத்திருப்பான். அவனைக் கொன்றது கல் என்பதைவிட, முத்திரை போட்ட காகிதத்தைக் கேள்வி கேட்காத ஊர் என்பதே பொருத்தம்.

ஆகவே கருவி இந்த வகைமையின் கையிலேயேதான் இருக்கிறது. துப்பாக்கியையும் தோட்டாவையும் காலடித் தடத்தையும் உயிலையும் அவ்வளவு நுணுக்கமாகச் சந்தேகிக்கிற கண், பத்திரப் பதிவு அலுவலகத்து வாசலில் வந்து ஏன் மூடிக்கொள்கிறது என்பதுதான் விஷயம். உயில் மெய்யா பொய்யா என்று நூறு பக்கம் விசாரிப்பார்கள். உயிலில் எழுதப்பட்ட நிலம் எழுதியவருக்கு எப்படி வந்தது என்று ஒரு பத்தி விசாரிக்கமாட்டார்கள். அப்படி விசாரிக்கிற துப்பறியும் நாவல் எப்படியிருக்கும்? அதில் துப்பறிகிறவள் வாரிசாகவே இருக்கலாம், ஆனால் விசாரணை அவள் காலடி மண்ணையே தோண்டும். கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் அகப்பட்ட பிறகும் பக்கங்கள் மிச்சமிருக்கும். கொடிக்குக் கீழே கைவைத்து, ஒட்டுக்கட்டிய முடிச்சைத் தடவிப் பார்த்து, இதற்குக் கீழே இருப்பது யார் என்று அவள் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்குப் பிறகு அடுத்த நாவலுக்குத் தோட்டம் அவள் கையில் மிஞ்சுமா என்பது தெரியாது. இந்த நாவல்களின் பதிப்பாளர்களுக்கு அதில் தயக்கம் இருக்கலாம். வாசகர்களாகிய நமக்கு ஏன் இருக்க வேண்டும்?