தலையெழுத்தும் மூளையெழுத்தும்

"அவன் தலையெழுத்து அப்படி!" வறுமையைக் கண்டாலும், வன்முறையைக் கண்டாலும், வகுப்பிலே தூங்கி விழும் சிறுவனைக் கண்டாலும், காரணம் தேட மனமில்லாதார் கண்டெடுத்த விடை இது ஒன்றுதான். மண்டையோட்டின் பொருத்துக் கோடுகளையே நான்முகன் கையெழுத்தென்று காட்டி நாட்டை நம்பவைத்தனர். அந்தப் புரட்டைப் பகுத்தறிவு இயக்கம் நையப் புடைத்தது. இன்றோ, அறிவியலாளர் ஒருவர் மண்டையோட்டைத் திறந்து மூளையைக் காட்டி, "மனிதன் செய்யும் எதுவும் அவன் தேர்ந்தெடுத்ததன்று" என்கிறார். விதியை விரட்டிய நாம் இவரை வரவேற்பதா, விரட்டுவதா?

ராபர்ட் சபோல்ஸ்கி என்பது அவர் பெயர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆசாரம் மிக்க யூதக் குடும்பத்தில் வளர்ந்து, இளமையிலேயே கடவுள் நம்பிக்கையைக் களைந்தவர். நமக்கு உறவினர் என்றே கொள்ளலாம். உறவினர் என்பதற்காகத் தராசை ஒதுக்கி வைத்துவிட முடியுமா?

2017இல் வெளிவந்த அவருடைய 'பிஹேவ்' என்னும் பெருநூலின் அமைப்பு வியப்பூட்டுவது. ஒரு கை துப்பாக்கியின் விசையை இழுக்கிறது. ஏன்? ஒரு நொடிக்கு முன் மூளையில் நிகழ்ந்தது என்ன? சில மணி நேரத்திற்கு முன் குருதியில் ஊறிய சுரப்புநீர்கள் எவை? விடலைப் பருவத்தில், தாயின் கருவறையில், மூதாதையர் வாழ்ந்த மண்ணில் நேர்ந்தவை யாவை? இவ்வாறு நொடியிலிருந்து நூற்றாண்டுகளுக்கும், பரிணாம வரலாற்றுக்கும் படிப்படியாகப் பின்னோக்கி நடக்கிறார். மூளையின் முன்புறப் பகுதி, ஆசைக்குக் கடிவாளமிடும் பகுதி, இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது என்று அவர் விளக்குமிடம், பிள்ளைகளோடு பழகும் எவரும் இருமுறை படிக்க வேண்டிய இடம்.

ஆயின் குறையும் உண்டு. பசித்த நீதிபதிகளைப் பற்றிய ஆய்வொன்றை அவர் எடுத்தாள்கிறார். இஸ்ரேல் நாட்டில், உணவு இடைவேளைக்குப் பின் கைதிகளை விடுவிக்கும் தீர்ப்புகள் பெருகின என்றும், நேரம் செல்லச் செல்லக் குறைந்தன என்றும் கூறும் ஆய்வு அது, 2011இல் வெளியானது. அதே ஆண்டிலேயே மறுப்பும் எழுந்தது. வழக்குகள் வந்த வரிசை தற்செயலானதன்று. வழக்கறிஞர் இல்லாக் கைதிகளின் வழக்குகள் இடைவேளைக்கு முன் கடைசியில் வந்தன என்பது மறுத்தவர் வாதம். நமக்கு உவப்பான செய்தி என்பதால் உரைகல்லில் உரைக்காது ஏற்பதா? புராணத்துக்கு ஒரு நீதி, ஆய்வறிக்கைக்கு ஒரு நீதி என்று நாம் வைத்துக்கொள்வதற்கில்லை.

குருதியிலே குணம் என்பாரிடம் நமக்குள்ள அச்சம் வீண் அச்சமன்று. 1876இல் இத்தாலியின் லொம்ப்ரோசோ, மண்டையையும் தாடையையும் அளந்து, குற்றவாளி பிறப்பிலேயே குற்றவாளி என்று நூல் எழுதினார். அதற்கு ஐந்தாண்டு முன்பே இங்கு வெள்ளை ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றிவிட்டது. பிறந்த குழந்தைக்கும் குற்ற முத்திரை! அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி சுட்டு வீழ்த்தியது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சபோல்ஸ்கி அந்த வழியில் செல்லவில்லை என்பதற்கு அவரே சான்று தருகிறார். கென்யா நாட்டில் பபூன் குரங்குக் கூட்டமொன்றை அவர் பல்லாண்டு கண்காணித்தார். சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டில் கிடந்த நோய்ப்பட்ட இறைச்சிக்காக, அண்டைக் கூட்டத்தோடு மல்லுக்கு நின்ற முரட்டு ஆண்கள் 1980களில் காசநோயால் மாண்டன. எஞ்சியவை பெண்களும் சாதுவான ஆண்களும். கடிப்பது குறைந்தது, ஒன்றையொன்று பேன் பார்ப்பது பெருகியது. வியப்பு அதுவன்று! பபூன் ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டம் விட்டு வேறு கூட்டம் சேருபவை. பத்தாண்டு கழிந்தபின் அங்கிருந்த ஆண்கள் அனைத்தும் வெளியிலிருந்து வந்தவை. முரட்டுக் கூட்டங்களில் வளர்ந்து வந்த அவையும் அங்கே சாதுவாயின! 2004இல் வெளியான இச்செய்தியைப் படித்தபின்னும், "சாதிப் புத்தி பிறவிப் புத்தி, மாறாது" என்பாரை என்னென்பது? குரங்கு மாறுகிறது, ஐயா!

2023இல் வந்த 'டிடர்மின்ட்' நூலில்தான் நமக்கு அவரோடு வழக்கு. கருவறையையும் மரபணுவையும் எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே பழிக்கும் புகழுக்கும் எவரும் உரியரல்லர் என்கிறார். பிரேக் கெட்ட வண்டியை வெறுக்க வேண்டாம், சாலையில் ஓடவிடாதிருந்தால் போதும் என்பது அவர் தரும் உவமை. பழிவாங்கும் வெறியைத் தணிக்கும் பேச்சு, அதுவரை உடன்படுகிறோம். பிரேக்கைக் கழற்றிக் காசாக்கியவன் பக்கத்திலேயே நிற்கிறானே, அவனையும் கெட்ட வண்டி என்று விட்டுவிடுவதா? ஆதிக்கக்காரனும் "என் மூளை அப்படி" என்று நழுவ வழியாகாதா? நாமாக மாறுவதில்லை, சூழலே நம்மை மாற்றுகிறது என்கிறார். மேடையும் ஏடும் படிப்பகமும் அந்தச் சூழலில் அடங்கியவைதாமே? சிறைக்குச் சென்றவனைப் பற்றிப் பரிவோடு எழுதும் பேனா, சேரியில் பிறந்து எழுந்து நின்றவனைப் பற்றியும் அதே பரிவோடு எழுதியிருக்கலாம்.

உடற்கடிகாரத்தைப் பற்றியும் அவர் இன்னும் விரித்துரைத்திருக்கலாம். மூளையின் அடியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சொன்று, உறக்கத்தையும் விழிப்பையும் வகுக்கிறது. அதன் நாள் 24 மணியைவிடச் சற்று நீளமானது. கண்வழி புகும் ஒளி நாள்தோறும் அதைத் திருத்துகிறது. விடலைப் பருவத்தில் அக்கடிகாரம் பின்தங்குகிறது. இரவில் தூக்கம் தாமதித்து வருகிறது, விடியலில் கலைய மறுக்கிறது. இதையறிந்து கலிபோர்னியா மாநிலம், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கலாகாது என்று சட்டமியற்றி, 2022இல் நடைமுறைப்படுத்தியது. இங்கே, பொதுத்தேர்வு நெருங்கினால் பொழுது விடிந்ததும் சிறப்பு வகுப்பு! கடைசி பெஞ்சில் கண் செருகியவனை எழுப்பி நிறுத்தி, "சோம்பேறி" என்று நாமும் ஏசியிருக்கிறோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நின்றபடியே தூங்கினான்.