164 மீட்டர் மலையும் ஒரு பழைய புல்லட்டும்

சிங்கப்பூரின் உச்சி 164 மீட்டர். புக்கிட் தீமா குன்றின் தலையில் இருக்கும் கல்லில் எழுதியிருப்பதைத் துல்லியமாகச் சொன்னால் 163.63. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் மலைப்பயணம் போக இந்தத் தீவே போதும் என்பது என் கட்சி.

புதிய வண்டி மேட்டை மறைத்துவிடும். கைப்பிடியை லேசாகத் திருகினால் போதும், ஏற்றமா சமதளமா என்று தெரியாமலே இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய வண்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சாலை கொஞ்சம் தலை தூக்கினாலே எஞ்சினின் குரல் மாறும், வேகம் தளரும், ஓட்டுபவரின் கை ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும். கார்க்காரர்களும் பேருந்துப் பயணிகளும் சமதளம் என்று நம்பிக்கொண்டிருக்கும் இந்த ஊருக்குள் எத்தனை மேடு பள்ளம் இருக்கிறது என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இருந்த குன்றுகளிலேயே பலவற்றை வெட்டிக் கடலில் கொட்டிய ஊர் இது. 1822-இல் ஒரு சிறு குன்றை உடைத்து ஆற்றங்கரைச் சதுப்பை மேடாக்கினார்கள். இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் அப்படி வந்ததுதான். 1966-இல் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் கடல்தூர்ப்புக்குத் தீவின் கிழக்குப் பக்கத்துக் குன்றுகள் மண்ணாகப் போயின. எஞ்சி நிற்பவை தீவின் நடுவிலும் தென்மேற்கிலும்தான். நம் பாதையும் அங்கேதான்.

முதலில் வண்டியைப் பற்றி. நான் மனதில் வைத்துப் பேசுவது வார்ப்பிரும்பு எஞ்சின் போட்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில், வளர்ந்தது நம் திருவொற்றியூரில். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து இந்தியாவுக்கு வந்த பிறகு, ரெட்டிச்சில் கதவைச் சாத்தியும் சென்னையில் நிற்காமல் ஓடியது. பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கூடவே கனத்த ஃபிளைவீல். சக்தி என்று பார்த்தால் 18 குதிரை, அவ்வளவுதான். ஆனால் அதன் இழுவை முழுதாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 3000 சுற்றை ஒட்டி. அவசரப்படாமல் ஏற்றம் ஏறுவதற்கென்றே செய்த எஞ்சின்.

ரசிப்பு உதைப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. தெரியாதவர்கள் பலத்தைக் காட்டி உதைப்பார்கள். வண்டி அவர்களைத் திருப்பி உதைக்கும். தெரிந்தவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்ரோல் குழாயைத் திறக்கிறார். சாவியைத் திருப்பிவிட்டு விளக்குக் கூட்டின் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரில் கண்ணை வைக்கிறார். கிக்கரைக் காலால் மெல்ல அழுத்துகிறார். முள் இடப்பக்கம் சாய்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்த, முள் நடுவுக்குத் திரும்புகிறது. கால் இனி இறங்க மாட்டேன் என்கிறது. பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியருகே வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது இடது கைப்பிடியில் இருக்கும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, புஸ் என்று காற்றை வெளியே விட்டு, கிக்கரை அரை அங்குலம் நகர்த்துகிறார். லிவரை விடுகிறார். கிக்கர் மேலே வர விட்டு, நிதானமாக ஒரே ஒரு நீண்ட உதை. வண்டி எழுந்துவிடும். இந்த ஒரு நிமிடத்தில் எஞ்சினுக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது அவருக்குக் கண்ணால் பார்த்ததுபோல் தெரியும். பொத்தானை அமுக்கிக் கிளப்பும் வண்டியில் இந்த அறிமுகமே நடப்பதில்லை.

கிளம்பியதும் உடனே கியர் போடாதீர்கள். அப்படியே நிற்க விட்டுக் கேளுங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும் வண்டியில் நொடிக்கு ஆறேழு வெடிப்புதான். காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துவிடும். அந்த இடைவெளிகளைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வழி முழுக்க மேடு வருவதையும் போவதையும் உங்களுக்குச் சொல்லப்போவது அவைதான். சத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்று சைலன்சரை மாற்றுபவர்கள் இதைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். அங்கீகரிக்கப்படாத சைலன்சர் இங்கே சட்டப்படியும் குற்றம், ரசனைப்படியும் குற்றம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புதிய வண்டியில் பழகிய இடது கால் கியர் மாற்றுவதாக நினைத்துப் பிரேக்கை மிதித்துவிடும். பின்னால் வரும் டாக்சிக்காரர் சொல்வதைக் கேட்க நன்றாக இருக்காது. காலியான கார் நிறுத்துமிடத்தில் நன்றாகப் பழகிவிட்டு வாருங்கள். 350 சிசி என்பதால் 2ஏ பிரிவு உரிமமும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தேக்காவிலிருந்து கிளம்புவது உத்தமம். அன்று மாலை சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. காலை ஏழு மணிக்கோ பூக்கடைக்காரர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும்தான். ஒரு தோசை, ஒரு தே தாரிக், போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இந்த வண்டியின் அதிர்வில் உட்கார முடியாது. புக்கிட் தீமா சாலை தேக்கா முனையிலிருந்தே தொடங்குகிறது. கால்வாயை ஒட்டி வடமேற்கே போங்கள். விரைவுச்சாலைப் பக்கமே திரும்ப வேண்டாம். எண்பது, தொண்ணூறில் போகும் வண்டிகளுக்கு நடுவே இந்த வண்டிக்கும் சுகமில்லை, உங்களுக்கும் சுகமில்லை. சாதாரணச் சாலைகளின் ஐம்பது கிலோமீட்டர் வரம்புதான் இதற்கு இயல்பான வேகம்.

கால்வாய்ப் பகுதி நேரான சாலை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எஞ்சின் சூடேறட்டும். அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு வந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 2011-இல் மூடப்பட்ட மலாயன் ரயில்வே பாதையின் இரும்புப் பாலம் ஒன்று சாலைக்குக் குறுக்கே இன்னும் இருக்கிறது. அதன் அடியில் நுழையும்போது உங்கள் வண்டியின் சத்தம் திரும்பி உங்களிடமே வரும். அதற்குச் சற்று முன்பே, பழைய ஃபோர்டு தொழிற்சாலையை நெருங்க நெருங்க சாலை ஏறுகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த கட்டடம் அது, இன்று அருங்காட்சியகம். பேருந்தில் போனால் இந்த ஏற்றம் கவனத்துக்கே வராது. புல்லட்டில் நாலாவது கியரின் தாளம் அகன்று அகன்று வந்து, ஒரு கட்டத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கும். தட்டும்வரை காத்திருப்பவர் ஓட்டுநர்தான், ரசிகர் அல்ல. ரசிகர் அதற்கு இரண்டு வெடிப்பு முன்னாலேயே மூன்றுக்கு இறங்கியிருப்பார். இறங்கியதும் குரல் நெருக்கமாகி, வண்டி முதுகை நிமிர்த்துவதை இருக்கையில் உணர்வீர்கள். பயணம் முழுக்க நாம் தேடிப்போவது இந்த ஒரு தருணத்தை. எத்தனை குன்று இருக்கிறதோ அத்தனை முறை அது கிடைக்கும்.

இன்னும் வடக்கே போனால் வரும் மண்டாய் சாலை காட்டையொட்டி ஏறி இறங்கிப் போகும். அங்கே காற்று சட்டென்று குளிர்வதைக் கன்னத்தில் உணரலாம். முந்தின இரவு மழை பெய்திருந்தால் ஈர மண்ணின் வாசமும் சூடான எண்ணெய் வாசமும் சேர்ந்து வரும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இது நல்ல இடம். அதைக் கடந்து தெற்கே திரும்பினால் இந்தப் பயணத்தின் நடுநாயகமான சாலை வருகிறது.

பழைய அப்பர் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது இங்கேதான். இரவு விளக்கில் நகர மையத்தில் நடக்கும் இன்றைய பந்தயத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். பொதுச் சாலையை மூடிவிட்டு, ஒரு சுற்றுக்குச் சுமார் 4.8 கிலோமீட்டர் ஓடினார்கள். கார்கள் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள்களும். ஓரத்தில் விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தங்கள், ஆழமான மழைநீர்க் கால்வாய்கள். தப்பினால் ஓட இடமில்லை. நேரான பகுதிக்குத் தாம்சன் மைல், அடுத்தடுத்து நெளியும் வளைவுகளுக்கு ஸ்நேக்ஸ், ஒரு பொல்லாத திருப்பத்துக்கு டெவில்ஸ் பெண்ட் என்று பெயர்கள். உயிர்களையும் வாங்கிய தடம் அது.

இன்று அங்கே வேகமாகப் போவதில் அர்த்தமே இல்லை. 2019-இல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறந்தபோது சாலையை ஒரே தடமாகக் குறுக்கிவிட்டார்கள். அருகிவரும் ராஃபிள்ஸ் லங்கூர் குரங்குகள் மேலாகக் கடக்கக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். வால் நீண்ட மக்காக் குரங்குகளோ பாலத்தை எல்லாம் பொருட்படுத்தாமல் சாலையிலேயே உட்கார்ந்திருக்கும். முப்பதுக்கு மேல் போகாமல் மூன்றாவது கியரிலேயே விடுங்கள். வளைவு வரும்போது சாலையின் முன்விளிம்பைப் பார்க்காமல் வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பாருங்கள். புல்லட்டின் 19 அங்குலச் சக்கரங்கள் பட்டென்று சாயாது. யோசித்து, ஒப்புக்கொண்டு, பிறகு சாயும். ஒருமுறை சாய்ந்தால் அலையாமல் நிற்கும். அந்தப் பொறுமையை அது உங்களிடமும் கேட்கும். குரங்குக்குக் கடலைப் பொட்டலம் நீட்ட வேண்டாம், அபராதம் உண்டு.

அங்கிருந்து லோர்னி, ஃபேரர், ஹாலந்து வழியாக புவன விஸ்தா வரை ஊர்ச் சாலைதான். விளக்குக்கு விளக்கு நின்றால் வார்ப்பிரும்பு கொதிக்கும்; நீண்ட சிவப்பு விளக்கில் கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்காமல் நியூட்ரலுக்குப் போங்கள். அதற்கென்றே கியர்ப்பெட்டியில் தனியாக ஒரு சின்ன மிதி வைத்திருக்கிறார்கள்.

சவுத் புவன விஸ்தா சாலைக்குத்தான் என் வாக்கு. பாசிர் பாஞ்சாங் குன்றுத்தொடரில் விழுந்த இடைவெளி வழியாகக் கடலோரம் இறங்கும் சாலை. அதனால் அந்த இடத்துக்கு 'கேப்' என்றே பெயர். பழைய ஆட்கள் தொண்ணூற்றொன்பது வளைவு என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறாது, ஆனால் பயந்துபோய் ஓட்டியவர் வைத்த பெயராக இருந்தால் நியாயம்தான். ஒரு காலத்தில் இங்கே மலையேற்றப் பந்தயங்கள் நடந்தன. 1942 பிப்ரவரி 13, 14 தேதிகளில் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரோடு கடைசிவரை மோதியதும் இந்தத் தொடரில்தான்.

இங்கே இறக்கத்தை ரசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பழைய வண்டியின் குணம் தெரிவது இறக்கத்தில். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். கைப்பிடியை முழுதாக மூடினால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும். சைலன்சரில் பொட பொட என்று ஒரு முனகல் கேட்கும். பிரேக்கைத் தொடாமல் ஒரு வளைவை முடித்துவிட்டால் அன்றைக்குப் போட்ட பெட்ரோல் காசு தேறிய மாதிரி. கீழே பாசிர் பாஞ்சாங்கில் திரும்பி மறுபடி ஏறிவிட்டும் வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசி மேடு மவுண்ட் ஃபேபர். 1845-இல் சமிக்ஞைக் கம்பத்துக்காகச் சாலை வெட்டிய கேப்டன் ஃபேபரின் பெயர் குன்றுக்கு நிலைத்துவிட்டது. நூறு மீட்டர் அளவுதான் உயரம். முதல் கியர்வரை இறங்க வேண்டிய திருப்பம் இருக்கிறது. உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு உடனே கடலைப் பார்க்க ஓடாதீர்கள். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து கேளுங்கள்: சூடு தணியும் இரும்பு சுருங்கும்போது டிக், டிக் என்று சொடுக்கும். கீழே ஓரிரண்டு சொட்டு எண்ணெய் விழுந்திருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் ஒழுகாத புல்லட் என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றுதான் புல்லட்காரர்கள் சொல்வார்கள். துடைத்துவிட்டுக் கிளம்புவது மரியாதை.

மொத்தத்தில் எண்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் ஒரு நாள் ஆகும், ஏனென்றால் பிற்பகல் ஸ்பேனருக்கு. அதிர்வில் தளர்ந்த நட்டுகளை இறுக்குவது, செயினுக்கு எண்ணெய் விடுவது, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. பிளக் முனை இளம் பழுப்பாக இருந்தால் காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்திருக்கிறது. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். காலையில் காது கேட்டதை மாலையில் கண் சரிபார்க்கும் வேலை இது, தவறவிடாதீர்கள். கிளம்பும்போது மாற்று பிளக்கும் ஒரு கிளட்ச் கேபிளும் பையில் இருக்கட்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் சுமத்ராக் காற்று மழையோடு அடித்துவிட்டுப் போகும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், காப்பிக்கடையில் காத்திருங்கள்.

கடையில் புதிதாக வாங்கக் கிடைக்கும் கிளாசிக் 350 பழைய முகத்தோடுதான் வருகிறது. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே அதிர்வைத் தணிக்கத் தனித் தண்டு, பெட்ரோலை அளந்து ஊற்ற எலெக்ட்ரானிக்ஸ். மேடு வந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டுரையில் சொன்னதில் பாதியை அதில் கேட்க முடியாது.

பழையதில் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 2003 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இங்கே பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலையில் ஓட அனுமதி இல்லை. பழம்பெரும் வண்டிகளுக்கான தனித் திட்டங்களில் பதிவானவை ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில நாட்களே வெளியே வரலாம். சித்தப்பாவிடமோ பக்கத்துப் புளோக் பெரியவரிடமோ ஓடும் நிலையில் ஒன்று இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பின்னிருக்கையில் ஒரு சுற்று கேட்டுப் பாருங்கள்.